பிறப்பா, முயற்சியா? – ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ திரைப்படம் குறித்து



பிராட் பேர்ட் இயக்கத்தில் பிக்சார் நிறுவனம் 2004இல் உருவாக்கிய ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ இனியதோர் அசைவூட்டப் படம். ஆஸ்கார் விருதும் பெற்றது. முன்னாள் வீரரான பாப், காப்புறுதி அலுவலகத்தின் குறுகிய மேசையில் முடங்கிப் படும் வேதனை நெஞ்சைத் தொடும்.

ஆயின் இப்படத்தின் பகைவன் யார்? பிறவி ஆற்றல் ஏதுமின்றி, தன் அறிவால் பறக்கும் காலணி செய்த சிறுவன் பட்டி. துணைநிற்க வந்தவனைப் பாப் விரட்டிவிடுகிறார். வளர்ந்தபின் அவன் செய்யும் கொலைகள் மன்னிக்கத்தக்கவையல்ல. எனினும், தன் கருவிகளை விற்று எல்லோரையும் வீரராக்கும் அவனது எண்ணத்தையும் படம் அக்கொலைகளோடு சேர்த்துக் குற்றமாகவே காட்டுகிறது. உறுத்துவது இதுவே.

பாப்பின் பிள்ளைகளோ ஆற்றலோடே பிறந்தவர்கள். இறுதியில், ஓட்டப் பந்தயத்தில் மகன் டாஷ் வேண்டுமென்றே இரண்டாமிடம் வருகிறான், பெற்றோர் மகிழ்கின்றனர். மூச்சிரைக்க உண்மையாகவே ஓடிய மற்றச் சிறுவர்களுக்கு அந்தப் பந்தயம் என்னவாயிற்று? அரங்கில் அமர்ந்து படம் பார்த்த பிள்ளைகள் யாவரும் அவர்களைப் போன்றவர்களே.