மயிலாப்பூருக்குச் சாமியாரை அனுப்புவது யார்?

சாந்தோம், பெசன்ட் நகர் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இந்தக் காட்சி தெரிஞ்சிருக்கும். ஞாயிறு பூசை முடியும் நேரம், பங்குத்தந்தை மைக்கில், "எனக்கு மாற்றல் வந்திருக்கு" என்பார். கோயிலே அமைதியாகிடும். பூசை முடிஞ்சதும் வாசலில் பாட்டிகள் கையைப் பிடிச்சுக்கிட்டு, "போகாதீங்க சாமி" என்பார்கள். சாமி சிரிப்பார். கொஞ்ச நாளில் கிளம்பிடுவார்.

அந்த உத்தரவை எழுதுவது யார்? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

முதலில் ஒரு வித்தியாசம். வெள்ளை அங்கி போட்ட எல்லா ஃபாதரும் ஒரே வகை இல்லை. மறைமாவட்டக் குரு தன் ஆயருக்குக் கீழ்ப்படிவதாகவும், திருமணம் செய்யாமல் வாழ்வதாகவும் வாக்குக் கொடுக்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு அவருக்குக் கிடையாது. சொந்தமாகச் சொத்து வைத்துக்கொள்ளலாம். லயோலா கல்லூரியில் இருக்கும் இயேசு சபைக் குருக்கள் வேறு வகை. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு. மாற்றல் கடிதம் சபைத் தலைவரிடமிருந்து வரும், எங்கேயும் அனுப்பலாம். மங்களூரில் பிறந்த ஜெரோம் டிசோசா லயோலாவின் முதல்வரானார், அரசியல் நிர்ணய சபை உறுப்பினரானார், இந்தியா சார்பில் ஐ.நா.வுக்கும் போனார்.

சரி, பங்குத்தந்தையை ஆயர் அனுப்புகிறார். ஆயரை யார் அனுப்புவது?

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606இல் உருவானது. 'பதுரவாதோ' என்ற ஏற்பாட்டின்படி, ஆயராக யார் வரணும்னு ரோமுக்குப் பெயர் சொல்லும் உரிமை போர்ச்சுகல் அரசரிடம் இருந்தது. இன்னொரு பக்கம், ஜார்ஜ் டவுனில் ரோமின் நேரடிப் பொறுப்பில் மெட்ராஸ் திருச்சபை வளர்ந்து, 1886இல் உயர் மறைமாவட்டமானது. ஒரே ஊரில் இரண்டு பேராலயம்: சாந்தோமில் ஒன்று, ஆர்மேனியன் தெருவில் ஒன்று. வேளாங்கண்ணிகூட அப்போ மயிலாப்பூர் ஆயரின் கீழ்தான் இருந்தது!

சுதந்திரம் வந்த பிறகும் இந்த ஏற்பாடு உடனே போகலை. 1950இல் ரோமும் போர்ச்சுகலும் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அந்த உரிமை முடிந்தது. கடைசிப் போர்ச்சுகீசிய ஆயர் மனுவேல் தெ மெதெய்ரோஸ் கெரேய்ரோ 1951இல் ஆப்பிரிக்காவின் நம்புலா மறைமாவட்டத்துக்கு மாற்றலானார். பாருங்க, ஆயருக்கும் மாற்றல்தான்.

1952இல் இரண்டும் இணைந்து சென்னை-மயிலை உயர் மறைமாவட்டம் ஆனது. அதே நேரத்தில் தஞ்சாவூர் தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது, வேளாங்கண்ணியும் அதோடு போனது. இணைந்த மறைமாவட்டத்தின் முதல் பேராயர் லூயி மத்தியாஸ். பாரிஸில் பிறந்த சலேசிய சபைக் குரு. ஷில்லாங்கில் இருந்துவிட்டு 1935இல் மெட்ராஸ் வந்தவர். அவருக்குப் பிறகு வந்த ஆர். அருளப்பாதான் முதல் இந்தியப் பேராயர். தமிழறிஞரும்கூட.

அப்போ கேள்வி தீர்ந்துவிட்டதா? இல்லை. லிஸ்பனா ரோமா என்பது பழைய சண்டை. இன்றைய கேள்வி சாதி. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும் பகுதி தலித் மக்கள். "எங்களிடமிருந்து ஏன் இவ்வளவு குறைவான ஆயர்கள்?" என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022இல் கர்தினாலானபோது, அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் அவர்தான். அதற்கு இருபத்தோராம் நூற்றாண்டு வரை ஆகியிருக்கிறது.

75 வயது முடிந்ததும், ஆயரோ பங்குத்தந்தையோ, பதவி விலகல் கடிதம் கொடுக்கணும் என்கிறது திருச்சபைச் சட்டம். போகும் வழி எல்லாருக்கும் ஒன்றுதான். வரும் வழி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உங்க பங்கில் மறக்க முடியாத சாமியார் யார்? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.