முகவுரை வாசிப்புக்குப் பிறகு



1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபை அரசமைப்புச் சட்டத்தை ஏற்றது. 2015 முதல் அந்நாள் அரசமைப்பு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கல்லூரிகளில் முகவுரை வாசிக்கப்படுகிறது. மாணவர்கள் கலைந்து செல்கிறார்கள்.

சங்கம் அமைக்கும் உரிமையை 19வது பிரிவு வழங்குகிறது. ஆண்டுதோறும் மாணவர் பேரவைத் தேர்தல் நடத்தவேண்டுமென்ற லிங்டோ குழுவின் பரிந்துரையை உச்சநீதிமன்றம் 2006இல் ஏற்றது. ஆயினும் நாட்டின் பல வளாகங்களில் தேர்தலே இல்லை. நாடாளுமன்றத்திற்கு வாக்களிக்கும் 18 வயது மாணவருக்குத் தன் கல்லூரியில் வாக்கில்லை!

எனவே வளாக நிகழ்வுகள் மாணவர்களின் அன்றாடப் பிரச்சனைகளிலிருந்து தொடங்கவேண்டும். விடுதியின் சாதிப் பாகுபாட்டை விவாதிக்கையில் 17வது பிரிவும், தாமதமாகும் கல்வி உதவித்தொகையை விவாதிக்கையில் 46வது பிரிவும் உயிர்பெறும். வாசித்த உரிமையைக் கேட்டுப்பெற மாணவர்கள் திரளும்போதே அரசமைப்பு தினம் முழுப்பொருள் பெறும்.