கல்லில் நின்ற கணக்கு

(கோவையில் உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனுக்கு உழவுப் பணத்தின் கணக்கில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். சொல் விளங்காத இடத்தில் கணக்கும் விளங்குவதில்லை, ஆகவே வந்தேன்.

நடுவணரசு 2019-இல் ஒரு திட்டம் கொணர்ந்தது. நிலமுடைய உழவர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 உருபா. மும்முறையாக, முறைக்கு 2,000. 'பிரதான் மந்திரி கிசான் சம்மான் நிதி' என்பது அதன் பெயர். இதில் ஒரு சொல்லேனும் நம் உழவன் நாவில் வழங்குவதா? 'உழவர் உதவித்தொகை' என்றிருந்தால் யாருக்கு உரியது என்பது பெயரிலேயே விளங்கும்.

2020-இல் கொரோனா நோய்க் காலத்தில் நடந்ததை நினைவு கூருங்கள். அலுவலர்தம் கடவுச்சொற்கள் வெளியார் கைக்குப் போயின. தரகர் புகுந்தனர். உழவரல்லாதார் உழவராயினர். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் இது மிகுந்திருந்தது. தகுதியற்றோர் ஏறத்தாழ 5.5 இலக்கம் பேர். போன தொகை ஏறத்தாழ 110 கோடி உருபா. இது அவ்வாண்டு செபுதம்பரில் அரசே அறிவித்த கணக்கு. குற்றப்புலனாய்வுத் துறை உசாவியது. ஒப்பந்தப் பணியாளர் பலர் நீக்கப்பட்டனர். பணத்தில் ஒரு பகுதி மீட்கப்பட்டது.

இன்னொரு கொடுமையும் உண்டு. ஏரே தொடாதவன் பெயர் பட்டியலில் ஏறியது. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவனுக்கோ அத்திட்டத்தில் இடமே இல்லை. பட்டா இல்லை என்பதே கரணியம்.

நம் முன்னோர் கொடையை எப்படிக் காத்தனர்? பேரூர்க் கோயிலிலும் அவிநாசிக் கோயிலிலும் கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. பழைய நிலக்கொடைக் கல்வெட்டுகள், கொடுத்தவர் யார், பெற்றவர் யார், நான்கெல்லை எவை, கையெழுத்திட்டோர் யார் என்பவற்றை ஊரறியக் கல்லில் நிறுத்தின. கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வாரியத்திற்கு வரலாகாது என்றன. அது பார்ப்பனர் ஊரவை என்பது மெய்யே. ஆயினும் கணக்குக் கேட்கும் அம்முறை நாம் கொள்ளத் தக்கது.

இன்றும் சட்டம் இல்லாமலில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம், 4-ஆம் பிரிவில், உதவித்தொகை பெறுவோர் விளத்தங்களை அரசு அலுவலகங்கள் யாரும் கேளாமலே தாமே வெளியிட வேண்டும் என்கிறது. இத்திட்டத்தின் பெறுநர் பட்டியலும் ஊர்வாரியாக வலைத்தளத்தில் இருக்கிறது. வலைத்தளத்தில் இருப்பது ஊரார் கண்ணில் இருப்பதாகுமா? மஞ்சள் வேகவைக்கும் கிழவிக்கு அது எட்டுமா?

'ஏழை பெற்ற சிறுதொகையை ஊரறியச் செய்தல் இழிவன்றோ?' என்பர். ஐரோப்பாவிலும் இவ்வழக்கு எழுந்தது. பெற்றவர் அனைவர் பெயரையும் வேறுபாடின்றி வெளியிடல் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நடுவர்மன்றம் 2010-இல் தீர்த்தது. பின்னர் 2013-இல் சிறுதொகை பெறுவோர் பெயரை மறைத்து, மற்றவர் பெயரை வெளியிட விதி செய்தனர். அங்கே அது பொருந்தலாம். இங்கே தொகை எல்லார்க்கும் ஒன்றே. ஆதலின் எவரது வறுமையும் அதனால் வெளிப்படாது. பெயரும் தொகையும் போதும். வைப்பகக் கணக்கெண்ணும் ஆதார் எண்ணும் வேண்டா.

1970 சூன் 19-இல் பெருமாநல்லூரில், மின்கட்டணத்தில் ஏறிய ஒரு காசை எதிர்த்த உழவர் மூவர் காவலர் சுட்டு மாண்டனர். ஒரு காசுக்கு உயிர் ஈந்த மண் இது. 110 கோடிக்கு வாய் திறவாதிருக்கலாமா?

ஆகவே, வருகின்ற ஊரவைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: பட்டியலைத் தமிழில் எழுதிச் சாவடிச் சுவரில் ஒட்டுங்கள், அவையில் உரக்கப் படியுங்கள், குத்தகை உழவனையும் சேருங்கள். அது நம் வரிப்பணம். கணக்குக் கேட்க நாணுதல் வேண்டா.