கைக்கு எட்டும் கரும்பலகை

சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சர்களுக்கு இன்றைய தகவல்.

ஒரு பிள்ளைக்கு 'அ' எழுதக் கைபிடித்துக் காட்டுகிறீர்கள். மற்ற பிள்ளைகள்? கூச்சல்தான்!

இதற்கு ஒரு வழி உண்டு. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கினார்கள். சுவரின் கீழ்ப்பகுதியே கரும்பலகை ஆனது. உட்கார்ந்தால் கைக்கு எட்டும். ஆளுக்கு ஓர் இடம். பிள்ளை தன் பாட அட்டையை எடுக்கும், எழுதும், அழிக்கும். அடுத்த அட்டை எது என்பதும் அதற்கே தெரியும். டீச்சரைக் கூப்பிடாது.

அஞ்சறைப்பெட்டி கைக்கு எட்டினால், கடுகு எங்கே என்று யாரையாவது கேட்கிறோமா? அப்படித்தான். எல்லாம் கைக்கு எட்ட வேண்டும்.

அட்டைக்குப் பழைய காலண்டர் போதும். கறுப்புப் பெயின்டுக்கு, அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்.