ஜல்லிக் குவாரி வருகிறதா? நோட்டீசைப் படியுங்கள்

(தாராவியில் மாலை நேரப் படிப்பு வட்டத்தில் பேசியது)



இன்று நாம் கல்லைப் பற்றிப் பேசப் போகிறோம். கல்லில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கல்லில் நம் வீடு இருக்கிறது. நம் கிணறு இருக்கிறது. நம் மூச்சும் இருக்கிறது.

கல் எங்கிருந்து வருகிறது?

மேலே கூரையைப் பாருங்கள். சிமென்ட், மணல், கம்பி, ஜல்லி. இவை சேர்ந்ததுதான் கான்கிரீட். இதில் அதிக இடத்தை அடைப்பது ஜல்லி. மராத்தியில் இதைக் 'கடீ' என்பார்கள். நம்மில் பல பேர் இந்த ஜல்லியைச் சட்டியில் அள்ளித் தலையில் சுமந்தவர்கள்தான்.

ஜல்லி வானத்திலிருந்து விழுவதில்லை. எங்கோ ஒரு பாறையை உடைத்தால்தான் வரும்.

ஒரு காலத்தில் மும்பைக்குள்ளேயே கல் உடைத்தார்கள். கோட்டைப் பகுதியில் ராஜாபாய் மணிக்கூண்டு இருக்கிறது. 1878ல் கட்டி முடித்தார்கள். அதன் கல் நம் பக்கத்தில் உள்ள குர்லாவில் வெட்டியது.

அந்தேரியில் கில்பர்ட் குன்று இருக்கிறது. எரிமலைக் குழம்பு ஆறி உண்டான கரும்பாறை அது. வயது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டு. சுற்றிலும் கல்லை வெட்டி வெட்டி எடுத்தார்கள். இன்று அது சுமார் 200 அடி உயரத் தூண் போலத் தனியே நிற்கிறது. 2007ல் மும்பை மாநகராட்சி அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதைச் சுற்றிக் கல் வெட்டக் கூடாது என்று தடை வந்தது.

நகரம் வளர்ந்தது. வீடுகள் பெருகின. கல் வெட்டும் இடம் நகரத்தை விட்டு விலகிப் போனது. எங்கே போனது? இன்னொருவர் ஊருக்குப் போனது.

இதில் நமக்கு என்ன?

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் தமிழர்களில் பலருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தோல் பதனிடும் வேலைக்கு நூறு ஆண்டுக்கு முன்பே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். நாம் இங்கே இருந்தாலும் ஊரில் ஒரு வீடு இருக்கும். அரை ஏக்கர் நிலம் இருக்கும். வயதான அம்மா இருப்பார். அந்த ஊர்ப் பக்கங்களில் இன்று பல கல்குவாரிகள் நடக்கின்றன.

ஒரு நாள் ஊரிலிருந்து போன் வரும். "பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஏதோ நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நம் ஊர் ஓரத்தில் குவாரி வருகிறதாம். எல்லாரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் போடலாமா?" என்று அம்மா கேட்பார். நாம் என்ன பதில் சொல்வது? அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

தன் நிலத்தில் தோண்டினால் யார் கேட்பது?

இப்படிச் சிலர் கேட்பார்கள். நிலம் அவருடையதாக இருக்கலாம். ஆனால் தூசி அவர் வேலிக்குள் நிற்காது. வெடி வைத்தால் அதிர்ச்சி அவர் வரப்போடு நிற்காது. நிலத்தடி நீருக்கும் பட்டா கிடையாது. அதனால்தான் எந்த நிலத்தில் எதைச் செய்யலாம் என்று அரசு வகை பிரிக்கிறது. இது வீடு கட்டும் பகுதி, இது தொழிற்சாலைப் பகுதி, இது விவசாயப் பகுதி என்று வரைபடத்தில் குறிக்கிறது.

மும்பைக்கும் இப்படி ஒரு வரைபடம் உண்டு. அதை வளர்ச்சித் திட்டம் என்கிறார்கள். 2034 வரைக்குமான திட்டத்தின் வரைவு 2015 பிப்ரவரியில் வந்தது. மக்கள் அதை வாங்கிப் படித்தார்கள். கட்டடம் இருக்கும் இடத்தில் சாலை போட்டிருந்தது. பழைமையான சின்னங்கள் பல விட்டுப்போயிருந்தன. ஆயிரக்கணக்கான பேர் ஆட்சேபம் எழுதினார்கள். 2015 ஏப்ரலில் அரசு அந்த வரைவைத் திருத்தி எழுதச் சொன்னது. புதிய வரைவு 2016ல் வந்தது. திட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்கிறோம்? அரசாங்கக் காகிதத்திலும் தப்பு வரும். படித்தவர் சுட்டிக்காட்டினால் அதைத் திருத்த முடியும்.

திட்டம் முடிந்த பிறகும் ஒரு நிலத்தின் வகையை மாற்ற அரசு நினைக்கலாம். அப்போதும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மகாராஷ்டிராவில் 1966ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டம் இதைச் சொல்கிறது. ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம் தருகிறது. அந்த ஒரு மாதம் போய்விட்டால் போனதுதான்.

குவாரிக்கு யார் அனுமதி தர வேண்டும்?

தமிழ்நாட்டில் ஒருவர் கல்குவாரி தொடங்க மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும்.

முதல் கதவு, மாவட்ட ஆட்சியர். கனிம வளத் துறை இடத்தைப் பார்க்கும். குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை கொடுக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. 300 மீட்டர் என்றால் எவ்வளவு? சாதாரணமாக நடந்தால் ஏறக்குறைய 400 எட்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குடியிருப்பு என்றால் எது? வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஊர் என்றோ வீட்டுமனை என்றோ இருக்க வேண்டும். அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற மனையாக இருக்க வேண்டும். நாற்பது வருடம் குடியிருந்த வீடாக இருந்தாலும், பதிவேட்டில் இல்லை என்றால் அளக்கும்போது அது கணக்கில் வராமல் போகலாம். தாராவியில் இருக்கும் நமக்கு இது புதிதல்ல. நாம் இருப்பதைக் கண் பார்த்தால் போதாது, காகிதமும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கதவு, சுற்றுச்சூழல் அனுமதி. சின்னக் குவாரிக்கு இது தேவையில்லை என்று ஒரு காலத்தில் இருந்தது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் அனுமதி வேண்டும் என்றது. ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்.

மூன்றாவது கதவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தூசி, சத்தம், கழிவு ஆகியவற்றுக்கு என்ன ஏற்பாடு என்று வாரியம் கேட்கும்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

திருநெல்வேலி மாவட்டத்தில் அடைமிதிப்பான்குளம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஓர் ஆழமான கல்குவாரி. 2022 மே 14ஆம் தேதி இரவு. குவாரிக்குள் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேலிருந்து பாறை சரிந்து விழுந்தது. ஆறு பேர் சிக்கிக்கொண்டார்கள். மீட்கும் வேலை பல நாள் நடந்தது. நான்கு பேர் இறந்துபோனார்கள்.

இது ஒரே இரவில் வந்த ஆபத்து. மெதுவாக வரும் ஆபத்தும் உண்டு. கல்லை உடைக்கும் இடத்தில் நுண்ணிய தூசி பறக்கும். அதை வருடக் கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெட்டுப்போகும். இந்த நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுக்க முடியும். தண்ணீர் தெளிக்க வேண்டும். கிரஷரை மூடி வைக்க வேண்டும்.

நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே தோண்டினால், ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குழிக்குள் இறங்கிவிடலாம். கல் எடுத்து முடித்த குழியை வேலி போடாமல் விட்டால், மழை நீர் தேங்கும். ஆடு மாடும் பிள்ளைகளும் விழுந்து சாகும் இடமாகிவிடும்.

அப்படியென்றால் குவாரியே வேண்டாமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. வீடு வேண்டும், சாலை வேண்டும், பாலம் வேண்டும். குவாரியில் வேலை செய்து பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களும் நம் சொந்தக்காரர்கள்தான். எனவே நம் கேள்வி வேறு. இந்த இடம் சரியான இடமா? எவ்வளவு ஆழம்? பாதுகாப்பு என்ன? முடிந்த பிறகு குழியை யார் பார்த்துக்கொள்வார்கள்?

நோட்டீசில் என்ன பார்க்க வேண்டும்?

ஐந்து விஷயங்களைத் தேடுங்கள்.

ஒன்று, சர்வே நம்பர். நோட்டீசில் இதைப் புல எண் என்று போட்டிருப்பார்கள். அந்த நம்பர் ஊரில் எந்த இடம் என்று கேளுங்கள்.

இரண்டு, பரப்பளவு. ஹெக்டேரில் இருந்தால் ஏக்கராக மாற்றிப் பாருங்கள்.

மூன்று, ஆழம். 40 மீட்டர் என்று போட்டிருக்கிறதா? ஒரு மாடி 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று மாடிக் கட்டடம் அதற்குள் இறங்கிவிடும்.

நான்கு, எத்தனை வருடத்துக்குக் குத்தகை.

ஐந்து, கடைசித் தேதி. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெரிய குவாரி என்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். சின்னக் குவாரிகள் பல பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அவற்றைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 5 ஹெக்டேரைத் தாண்டினால் பொதுவாகக் கூட்டம் வேண்டும். இதன் விதிகள் 2006ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையில் இருக்கின்றன. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். திட்டத்தின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தர வேண்டும். கூட்டம் குவாரி வரும் இடத்திலோ அதன் அருகிலோ நடக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் அனுப்பும் உயர் அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும்.

இன்னொரு விதி மிக முக்கியம். கூட்டம் முடியும்போது, யார் யார் என்ன சொன்னார்கள் என்பதன் சுருக்கத்தை மக்கள் மொழியில் வாசித்துக்காட்ட வேண்டும். பல பேர் அதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறார்கள். போகாதீர்கள். நீங்கள் சொன்னது அதில் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். இல்லை என்றால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

கையெழுத்து விஷயத்திலும் கவனம் வேண்டும். கூட்டத்துக்கு வந்ததற்குப் போடும் கையெழுத்து வேறு. குவாரிக்குச் சம்மதம் என்று போடும் கையெழுத்து வேறு. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகே பேனாவை எடுங்கள். வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் போடாதீர்கள்.

மும்பையில் இருந்துகொண்டு என்ன செய்வது?

நேரில் போக முடியாதவர் தபாலில் ஆட்சேபம் அனுப்பலாம். பெரிய வார்த்தை வேண்டாம். தெரிந்ததை எழுதினால் போதும். இப்படி:

"பெறுநர்: மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஐயா, எங்கள் ஊரில் இந்தப் புல எண்ணில் கல்குவாரி வருவதாக நோட்டீஸ் பார்த்தோம். அந்த இடத்திலிருந்து எங்கள் தெரு 300 மீட்டருக்குள் இருக்கிறது. ஊர்க் குடிநீர்க் கிணறும் அருகில் இருக்கிறது. நேரில் வந்து அளந்து பார்க்க வேண்டும். எங்கள் கடிதத்தைக் கூட்டக் குறிப்பில் சேர்க்க வேண்டும்."

கீழே பெயர், ஊர் முகவரி, தேதி, கையெழுத்து. ஒரு நகல் மாவட்ட ஆட்சியருக்கு. ஒரு நகல் நம் கையில். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

குத்தகைக் காகிதத்தைப் பார்க்க வேண்டுமா? 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. லீவுக்கு ஊருக்குப் போவதை இந்த நாட்களில் வைத்துக்கொண்டால் நல்லது. ஊர்ப் பிரச்சினையைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம்.

தீர்மானத்தால் என்ன ஆகும்? தீர்மானம் போட்டாலே குவாரி நின்றுவிடாது. ஆனால் ஊர் என்ன நினைக்கிறது என்பது பதிவாகும். மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க 2024 நவம்பரில் ஒரு கம்பெனிக்கு ஏலம் உறுதியானது. அந்த மாதமே சுற்றுவட்டாரக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எல்லா ஊருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல முடியாது. ஆனால் வாய் திறக்காத ஊருக்கு இது நடக்கவே நடக்காது.

சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்த பிறகும் ஒரு வழி இருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் முறையிடலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையிலும் மகாராஷ்டிராவுக்குப் புனேயிலும் அதன் அமர்வு இருக்கிறது.

நண்பர்களே, இன்று இரவே ஊருக்கு ஒரு போன் போடுங்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். "நம் வீட்டு சர்வே நம்பர் என்ன? அது பதிவேட்டில் வீட்டுமனை என்று இருக்கிறதா?" பதிலை உங்கள் கையாலேயே நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அந்த நோட்டை எடுத்து வாருங்கள். நாம் சேர்ந்து படிப்போம்.



பேசிப் பார்ப்போம்

1. உங்கள் சொந்த ஊரில் குவாரி இருக்கிறதா? வீடுகளிலிருந்து எத்தனை எட்டு தூரம்?

2. நோட்டீசில் பார்க்க வேண்டிய ஐந்து விஷயங்கள் எவை?

3. குவாரியில் வேலை செய்பவரும் குவாரியை எதிர்ப்பவரும் ஒரே தெருவில் இருந்தால், இருவரும் சேர்ந்து எதைக் கேட்கலாம்?