பால் கூடினால் வருமானம் கூடுமா?



இந்த வருஷம் கறவை மாட்டுக் கடன் கேட்டு நம்மில் நிறையப் பேர் எழுதிக் கொடுத்திருக்கோம். நானும்தான். என்கிட்ட ஒரு மாடு இருக்கு. இன்னும் ரெண்டு வாங்க ஆசைப்பட்டேன். அந்த நேரத்தில் கறவை மாடு வளர்ப்புப் பயிற்சிக்குப் போனேன். அங்கே ஐரோப்பாவில் நடந்த ஒரு விஷயம் சொன்னாங்க. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன்.

அந்த நாடுகளில் ஒரு காலத்தில் பால் தேவைக்கு மேல் பெருகிப் போச்சு. விலை விழாமல் இருக்க அரசாங்கமே வெண்ணெயும் பால் பவுடரும் வாங்கிக் குவிச்சது. 'வெண்ணெய் மலை'ன்னே பேர் வந்துச்சு. அதனால 1984-இல் ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவு பால்தான் என்று அளவு வச்சு, அதை விவசாயிகளுக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க. நாட்டின் அளவு தாண்டினால், கூடுதலாகப் பால் ஊத்தினவங்க அபராதம் கட்டணும். 31 வருஷம் இருந்த அந்தக் கட்டுப்பாட்டை 2015 மார்ச் 31-ஓட எடுத்துட்டாங்க.

இனி எவ்வளவு வேணும்னாலும் கறக்கலாம்னு பல பேர் கடன் வாங்கி மாடு சேர்த்தாங்க, கொட்டகையைப் பெருசாக்கினாங்க. பால் பெருகிச்சு. ஆனால் வாங்குறவங்க குறைஞ்சுட்டாங்க. ஐரோப்பியப் பால் பொருட்கள் வேண்டாம்னு ரஷ்யா 2014-லேயே நிறுத்திடுச்சு. சீனாவும் பால் பவுடர் வாங்குறதைக் குறைச்சுது. 2014 தொடக்கத்தில் கிலோவுக்கு 40 சென்ட் அளவில் இருந்த விலை, 2016 நடுவில் 26 சென்ட்டுக்கு இறங்கிடுச்சு. 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்கு டிராக்டரோட போய்ப் போராடினாங்க. 2016-இல், பாலைக் குறைச்சுக் கொடுத்தால் குறையுற ஒவ்வொரு கிலோவுக்கும் 14 சென்ட் தர்றோம்னு ஐரோப்பிய ஒன்றியமே சொல்ல வேண்டியதாச்சு.

அடுத்த வருஷம் விலை ஏறிச்சு. ஆனால் அதுவரை தாக்குப் பிடிக்க முடியாதவங்க தொழிலை விட்டுட்டாங்க. தாக்குப் பிடிச்சது யாருன்னு பார்த்தால், தீவனச் செலவு குறைவா இருந்தவங்க. அயர்லாந்தில் மாடு பெரும்பாலும் புல் மேய்ஞ்சுதான் பால் கொடுக்குது. அதனால அங்கே பால் கூடியும் பலர் நிலைச்சு நின்னாங்க.

நமக்கு அந்த மாதிரி அளவுக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. ஆனால் பயம் ஒண்ணுதான். பால் விலை இறங்கும், கடன் தவணை இறங்காது. புண்ணாக்கு விலையும் நமக்காகக் காத்திருக்காது.

பயிற்சி முடிஞ்சு வந்து வீட்டுக்காரரோட உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தீவனம், வைத்தியம், தவணை, சினை மாடு கறக்காத மாசம் எல்லாம் எழுதினோம். ரெண்டு மாட்டுக்குக் கட்டுப்படியாகலை. ஒரு மாட்டுக்குன்னு மனுவை மாத்திக் கொடுத்துட்டேன். கால் ஏக்கரில் தீவனப்புல் போட்டிருக்கேன்.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். கடன் கொடுக்கும் முன்னாடி, 'புல்லுக்கு என்ன வழி வச்சிருக்கே?'ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க. கேட்டால் கோபப்பட வேண்டாம் அக்கா. மாடு வாங்குறது ஒரு நாள் வேலை, தவணை கட்டுறது பல மாச வேலை.