விதியை மாற்றுங்கள், விலக்கை நிறுத்துங்கள்

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தைத் திருத்தக் கோரும் தீர்மானம் உங்கள் கையில் இருக்கிறது. அதை முன்மொழிகிறேன். எது குடியிருப்பு, எது வணிகப் பகுதி, எது விளைநிலம் என்று நகரத்தைப் பிரிக்கும் அதிகாரம் அந்தச் சட்டத்திலிருந்து வருகிறது. அந்தப் பிரிவினை இன்று குலைந்து கிடப்பதற்கு மக்களின் பேராசைதான் காரணம் என்கிறார்கள். இல்லை. மீறுவதற்கான வழியைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது.

113ஆம் பிரிவைப் பாருங்கள். எந்தக் கட்டடத்துக்கும் சட்டத்திலிருந்து அரசு விலக்கு அளிக்கலாம் என்கிறது அது. 1987-88இல் சில மாதங்களுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட விலக்கு ஆணைகள் இதன்படி பிறந்தன. 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணைகளை ரத்து செய்தது. பிரிவு மட்டும் பிழைத்துக்கொண்டது. அதற்குள் 113-ஏ வந்துவிட்டது. விதியை மீறிக் கட்டியவர் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம், இந்த ஒரு முறை மட்டும் என்றார்கள். 1999 பிப்ரவரி வரை கட்டியவர்களுக்கு என்று தொடங்கிய சலுகை 2000, 2001, 2002 என மூன்று முறை நீண்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் முதல் சலுகையை மட்டும் விட்டுவைத்து, நீட்டிப்புகள் மூன்றும் செல்லாது என்றது. அப்போதாவது நின்றதா? 2007இல் அவசரச் சட்டம் வந்து மீறிய கட்டடங்களைக் காத்தது. பிறகு 113-சி பிரிவு. கெடு 2007 ஜூலை 1க்கு நகர்ந்தது. அங்கீகாரமில்லாத மனைகளுக்கு 2017இல் தனி விதிகள். அங்கே கெடு 2016 அக்டோபர் 20. இந்தத் தேதிகளை வரிசையாகப் படிக்கும் கட்டுமானக்காரர் என்ன முடிவுக்கு வருவார்? இன்று மீறு, நாளை தேதி நகரும், கட்டணத்தை வாங்குபவர் தலையில் வை. பக்கத்து மனைக்காரர் சட்டத்துக்கு அடங்கி, பக்கவாட்டில் இடம் விட்டு, ஒரு மாடியைக் குறைத்துக் கட்டினாரே, அவருக்கு என்ன பரிசு? எதிர்வீட்டு நிழலும், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்தும். 2017 மே இறுதியில் சென்னை தி.நகரில் பல மாடி ஜவுளிக்கடை ஒன்று எரிந்து சரிந்ததே, அந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் எதற்காகப் பயந்து நடுங்க வேண்டும்?

இன்னொரு வழி, நிலப்பயன்பாடு மாற்றம். முழுமைத் திட்டத்தில் விவசாயம் என்று குறித்த சர்வே எண்ணை, உரிமையாளர் விண்ணப்பித்தால் தனியாகப் பிரித்துக் குடியிருப்பாகவோ தொழிற்பகுதியாகவோ மாற்றலாம். ஒவ்வொரு மாற்றமும் சிறியதுதான். ஆனால் தண்ணீர் சர்வே எண் பார்த்து ஓடுவதில்லை. சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இன்று எஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பங்கே. தனியாரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, குப்பைக் கிடங்கை அங்கே வைத்தது யார்? 2022இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அதே பகுதியின் வீடுகள் தண்ணீருக்குள் நின்றன.

ஏழைகளின் வீடுகளை இடிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஒரு மனையில் மூன்று பிள்ளைகளுக்கும் இடம் தேடும் குடும்பம் குற்றவாளி அல்ல. விதிகளே வாழ்க்கைக்கு ஒவ்வாதவையாக இருந்தன என்ற வாதத்தையும் ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் விதியை எல்லோருக்கும் மாற்றுங்கள். 2019இல் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5லிருந்து 2 ஆக உயர்த்தின. அதற்கு யாரும் யார் வீட்டு வாசலிலும் காத்திருக்கவில்லை. 2024இல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவோருக்குச் சுயசான்று முறையில் அனுமதி வந்தது. சின்ன வீட்டுக்காரருக்குத் தேவை இதுதான். மன்னிப்புச் சட்டத்தால் பெரிதும் லாபம் அடைபவர், தெரிந்தே கூடுதல் மாடிகள் எழுப்பி விற்றவர். ஏழையின் பெயரைச் சொல்லி அவரைக் காப்பாற்றாதீர்கள்!

வரன்முறைக் கட்டணம் அரசுக்கு வருமானம் என்று இன்னொரு வாதம். அந்தத் தொகை ஒரு முறை வரும். கூடுதல் மாடிகளுக்கான கழிவுநீர், குடிநீர், வண்டி நிறுத்தம் ஆகிய சுமைகள் தெருவோடு என்றைக்கும் இருக்கும்.

ஆகவே நம் தீர்மானம் கேட்பது இவ்வளவே. 113-சி பிரிவை நீக்கி, இனி எந்தக் கெடுவும் நகராது என்று சட்டத்திலேயே எழுதுங்கள். 113ஆம் பிரிவின் விலக்கைப் பொதுக் கட்டடங்களுக்கு மட்டும் வையுங்கள். அந்த ஆணையையும் காரணத்தோடு சட்டமன்றத்தில் வையுங்கள். தனி சர்வே எண்ணுக்கான நிலப்பயன்பாடு மாற்றத்தை நிறுத்துங்கள். முழுமைத் திட்டத்தை மாற்ற வேண்டுமானால் அந்தப் பகுதி முழுவதற்கும், நாளிதழின் மூலையில் ஒரு அறிவிப்போடு நில்லாமல், அந்த வார்டு மக்களை நேரில் கூட்டிக் கேட்டு மாற்றுங்கள். இதை ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள். எண்ணிக்கையோடு சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுப்போம்.